கேக் வெட்டும் பாட்டுக்கு ஆதி தாளம் போடலாமா?

கேள்வி: என் மகள் கீபோர்டு வகுப்புக்குப் போகிறாள். நோட்டுப் புத்தகம் முழுக்க 4/4, 3/4 என்று எழுதி வைத்திருக்கிறாள். என் மாமனார் சின்ன வயதிலிருந்து கச்சேரி கேட்பவர். எந்தப் பாட்டு காதில் விழுந்தாலும் கை தானாகத் தொடையில் ஆதி தாளம் போடும். போன மாதம் பேத்தி பிறந்தநாளுக்கு, கேக் வெட்டும்போது பாடுகிற இங்கிலீஷ் பாட்டை அவளே வாசித்தாள். மாமனார் தாளம் போட்டார். பாட்டு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம். “குழந்தைக்குத் தாளம் நிற்கலையே” என்கிறார் அவர். “தாத்தாவுக்கு 3/4 தெரியலை” என்கிறாள் இவள். யார் சொல்வது சரி? இரண்டும் ஒரே கணக்கா, வேறு வேறா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: தீர்ப்பு பேத்தி பக்கம்தான். ஆனால் தாத்தாவிடமும் ஒரு நியாயம் ஒளிந்திருக்கிறது.

அந்தப் பாட்டு 3/4. மேலே உள்ள 3, ஒரு பாருக்கு எத்தனை எண்ணிக்கை என்பதைச் சொல்கிறது. கீழே உள்ள 4, எந்த அளவு நோட்டை ஒரு எண்ணிக்கையாகக் கொள்வது என்பதை. முழு நோட்டை நாலாகப் பிரித்தால் வருகிற கால் நோட்டு அது. பார் என்பது காகிதத்தில் இரண்டு நெட்டுக் கோடுகளுக்கு நடுவே உள்ள கட்டம். கட்டத்தின் முதல் எண்ணிக்கையில் கொஞ்சம் அழுத்தம் விழும். வேகத்துக்கும் இந்த எண்களுக்கும் சம்பந்தமில்லை. அது நம் காலப்பிரமாணம் மாதிரி தனிச் சங்கதி.

இனி பாட்டுக்கு வருவோம். முதல் இரண்டு அசைகள் ‘ஒன்று’க்கு முன்னாலேயே வந்துவிடும், மூன்றாவது அசையில்தான் ‘ஒன்று’ விழுகிறது. நம் கணக்கில் இது அதீத எடுப்பு. தாத்தா முதல் அசையிலேயே தட்டியிருப்பார், அங்கேயே முதல் சிக்கல். நாலு வரி, வரிக்கு இரண்டு பார், பாருக்கு மூன்று. ஆக மொத்தம் 24. ஆதி தாளத்தின் எட்டு அட்சரத்தால் வகுத்துப் பாருங்கள்: சரியாக மூன்று ஆவர்த்தனம், அதாவது மூன்று முழுச் சுற்று! நடுவில் எங்கெங்கோ இடித்தாலும், தாத்தா அசராமல் போட்டிருந்தால் பாட்டைத் திரும்ப எடுக்கும் இடத்தில் கையும் பாட்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். மிருதங்கக்காரர்கள் கோர்வை வைத்து, சுற்றின் முதல் தட்டான சமத்தில் வந்து விழுவது இந்த மாதிரிக் கணக்கில்தான். பெயர் சொல்லும் வரியில் எல்லோரும் இழுப்பார்களே, அந்த இழுவைக்கு மட்டும் எந்தத் தாளமும் பொறுப்பாகாது. ஒழுங்காகப் போட வேண்டுமென்றால் ரூபகத்துக்குக் கச்சேரியில் போடுகிற ‘தட்டு, தட்டு, வீச்சு’ போதும். மூன்றாவது அசையில் முதல் தட்டு.

4/4-ம் ஆதியும் ஒன்றுதானே என்று அடுத்து கேட்பீர்கள். எண்ணிக்கையில் இரண்டு பார் சேர்ந்தால் ஒரு ஆவர்த்தனம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் வேலை வேறு. தொடையில் கையை வைத்துப் போட்டுப் பாருங்கள்: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. லகு ஒன்று, திருதம் இரண்டு. மோதிரவிரலில் கை இருந்தால் எட்டில் மூன்றாவது இடம் என்று அடுத்த வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். பாரோ எல்லாம் ஒரே மாதிரிக் கட்டம். எத்தனையாவது கட்டத்தில் இருக்கிறோம் என்பதற்குக் காகிதத்தைப் பார்க்க வேண்டும். இன்னொன்று, சமத்தில் அழுத்தியே ஆக வேண்டும் என்று ஆதி தாளம் கட்டாயப்படுத்துவதில்லை. அரை இடம், ஒன்றரை இடம் தள்ளி எடுக்கிற கீர்த்தனைகள் எத்தனையோ. கை ஒன்று சொல்லும், பாட்டு ஒன்று சொல்லும். அந்த இழுபறியில்தான் சுகம் இருக்கிறது. மேலைச் சங்கீதத்திலும் அழுத்தத்தை இடம் மாற்றி விளையாடுவார்கள், இல்லையென்று சொல்லவில்லை. நமக்கு அது அன்றாடச் சாப்பாடு.

இந்த இரண்டு கணக்கும் நம் பக்கத்தில் சந்தித்துக்கொண்டது இன்று நேற்றல்ல. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) ஆங்கில பேண்டு மெட்டுகளுக்குச் சம்ஸ்கிருதத்தில் சாகித்யம் செய்தார். நோட்டுஸ்வர சாகித்யங்கள் என்று பெயர், ராகம் சங்கராபரணம். அவற்றில் ‘சந்ததம் பாஹிமாம்’ பிரிட்டிஷ் தேசிய கீதத்தின் மெட்டு. மூலமெட்டு 3/4-தான். தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பேத்தி அதை வாசிக்கட்டும். ராகமும் வார்த்தையும் தெரிந்ததாக இருந்தால் மூன்று போட அவருக்குச் சிரமம் இருக்காது.

கும்பகோணத்தில் இருந்துகொண்டு தாளம் புரிய வேறெங்கும் போக வேண்டாம். அடுத்து ஏதாவது கோயில் புறப்பாட்டில் நாகஸ்வரம் வாசிக்கும்போது தவிலைப் பார்க்காதீர்கள், பக்கத்தில் கைத்தாளம் போடுகிறவரைப் பாருங்கள். தவில்காரர் அதே ஆவர்த்தனத்துக்குள் திஸ்ரம், கண்டம், மிஸ்ரம் என்று நடை மாற்றி, அட்சரத்தை மூன்றாக, ஐந்தாக, ஏழாக அறுத்துக்கொண்டே போவார். தாளம் போடுகிறவர் முகத்தில் ஒரு சலனம் இருக்காது. சுவாமிமலைக்குப் போனால் திருப்புகழ் பாடுகிறவர்களைக் கேளுங்கள். அருணகிரிநாதர் சந்தங்களில் ஒன்றரை, இரண்டரை என்று உடைந்து வரும் கணக்கெல்லாம் உண்டு. அதை 4/4-ல் அடைக்கப் பார்த்தால் கட்டம் பிதுங்கும்.

பேத்திக்கு அடுத்து 6/8 வரும். தாத்தா–பேத்தி சண்டை அங்கேதான் மறுபடி மூளும் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். 3/4-லும் ஆறு அரைக்கால் நோட்டு, 6/8-லும் ஆறு. முன்னது தக–தக–தக, பின்னது தகிட–தகிட. அதாவது 6/8-ல் ஆறு தட்டு போடக் கூடாது. இரண்டே தட்டு, திஸ்ர நடை. வேகமாக வாசிக்கும்போது இது நன்றாகத் தெரியும். தாத்தாவை இரண்டு தட்டு போடச் சொல்லிவிட்டு, பேத்தி வாயால் ‘தகிட தகிட’ சொல்லிப் பழகட்டும். கீபோர்டில் தானாக அடிக்கும் ரிதம் பட்டனை மட்டும் அந்த ஒரு வாரம் தொட வேண்டாம்.