குழலின் ஆயுள் தொண்டையில் இருக்கிறது



குண்டு உரசி உரசியே ரைஃபிள் குழல் தேய்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உரசலின் பங்கு சிறிதுதான். குண்டின் செம்பு உறை எஃகைவிட மிகவும் மிருதுவானது. குழலை உண்மையில் தின்பது வெப்பம். .308 வின்செஸ்டர் தோட்டா ஒன்றில் ஏறத்தாழ 3 கிராம் மருந்து இருக்கிறது. அது எரியும்போது அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு வரை உயரலாம் என்பது அமெரிக்கத் தர அளவு. எஃகு உருகச் சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் போதும். மருந்து எரிந்து எழும் வாயுவின் வெப்பம் அதைத் தாண்டிவிடுகிறது. ஆனாலும் குழல் உருகி ஓடுவதில்லை, அதற்கு நேரம் கிடைப்பதில்லை. குண்டு வாய்முனையைத் தாண்ட ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்குச் சற்று மேல் ஆகும். அந்தக் கணக்கில், ஐயாயிரம் தோட்டா சுட்டு ஓய்ந்த ஒரு குழல் தன் வாழ்நாளில் வேலை செய்த மொத்த நேரம் ஆறேழு வினாடி.

அந்த ஆறேழு வினாடியும் குழலின் எல்லாப் பகுதியையும் ஒரே மாதிரி தாக்குவதில்லை. தோட்டா உட்காரும் அறை முடிந்து, குண்டைச் சுழலவைக்கும் வரிப்பள்ளங்கள் தொடங்கும் இடத்துக்குத் தொண்டை என்று பெயர். அழுத்தமும் வெப்பமும் உச்சத்தில் இருக்கும்போது வாயு பாய்வது அந்த இடத்தில்தான். அங்கே எஃகின் மேல்தோல், மில்லிமீட்டரில் மிகச் சிறு பங்கு ஆழத்துக்கு, ஒரு கணம் தீயாகக் காய்ந்து உடனே குளிர்கிறது. காயும்போது உலோகத்தின் உள்ளமைப்பு மாறுகிறது, குளிரும்போது திரும்ப மாறுகிறது. ஒவ்வொரு மாற்றத்திலும் கன அளவு கொஞ்சம் கூடிக் குறைகிறது. இது ஆயிரம் முறை நடந்தால் தோல் வெடிக்கும். போர்ஸ்கோப் எனப்படும் மெல்லிய கேமராவை உள்ளே விட்டுப் பார்த்தால், கோடையில் வற்றிய கண்மாயின் தரைபோலப் பாளம் பாளமாக வெடித்துக் கிடப்பது தெரியும். பிறகு பாளங்களின் ஓரம் உதிர்கிறது, வரிமேடுகளின் தொடக்கம் கரைந்து முன்னால் நகர்கிறது. முக்கால் குழல் புதுசாக இருக்கும்போதே தொண்டை கிழவனாகிவிடும்.

மருந்தின் சூடு குழலை என்ன செய்யும் என்பதற்குப் பிரிட்டிஷ் ராணுவத்தின் அனுபவம் தெளிவான சான்று. 1888இல் அவர்கள் ஏற்ற லீ-மெட்ஃபோர்டு ரைஃபிளில் ஆழம் குறைந்த, விளிம்பு உருண்ட ஏழு வரிப்பள்ளங்கள் இருந்தன. கரிமருந்தின் கசடு தங்காமல் இருக்கவே அப்படி வடிவமைத்தார்கள். கரிமருந்து போய்க் கார்டைட் என்ற புதுமருந்து வந்தது. அதன் வெப்பம் அந்த மென்மையான வரிகளைச் சீக்கிரமே அழித்தது. 1895இல் ஐந்து ஆழமான, விளிம்பு கூரிய பள்ளங்களோடு லீ-என்ஃபீல்டு வந்தது. அதோடு தீரவில்லை, மருந்தையும் மாற்ற வேண்டியிருந்தது. முதல் கார்டைட்டில் நைட்ரோகிளிசரின் 58 சதவீதம்; குழல் தேய்வதைக் குறைக்க அதை 30 சதவீதமாக இறக்கி, வெடிபஞ்சைக் கூட்டினார்கள். 1903இல் நீலகிரி அருவங்காட்டில் தொடங்கிய தொழிற்சாலைக்குப் பெயர் தந்தது இந்தக் கார்டைட்தான். நைட்ரோகிளிசரின் கலந்த மருந்து சூடாக எரியும் என்ற விதி இன்றும் மாறவில்லை. ஒரே வேகத்தை இரண்டு மருந்துகள் தருமானால், குளிர்ச்சியாக எரிவதைத் தேர்ந்தால் குழல் நீடிக்கும்.

ஆகவே சொந்தமாக ரைஃபிள் அமைக்க நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது தோட்டாவை. பெரும்பாலோர் எஃகின் வகையிலிருந்து தொடங்குகிறார்கள். அது தலைகீழ் வரிசை. எவ்வளவு மருந்து எவ்வளவு குறுகலான துளை வழியாகப் போகிறது என்பதே ஆயுளைத் தீர்மானிக்கிறது. .264 வின்செஸ்டர் மேக்னம் 4 கிராமுக்கு மேல் மருந்தை எரிக்கிறது. அதன் துளைப் பரப்போ .308இன் துளைப் பரப்பில் முக்கால் பங்குக்கும் சற்றுக் குறைவு. விளைவு, ஆயிரத்துச் சொச்சம் தோட்டாக்களிலேயே துல்லியம் சரிந்த குழல்கள் ஏராளம். 'குழல் எரிப்பான்' என்ற பெயர் அதற்குச் சும்மா வரவில்லை. 2007இல் வந்த 6.5 கிரீட்மோர் இடைப்பட்ட வகை: இலக்குச் சுடுவோர் பொதுவாக இரண்டாயிரம் முதல் மூவாயிரம் வரை எதிர்பார்க்கிறார்கள். .308 ஐயாயிரம் தாண்டும். .22 லாங் ரைஃபிளில் மருந்தும் சொற்பம், குண்டும் ஈயம். அந்தக் குழல் பல பத்தாயிரம் தோட்டாக்களைப் பார்த்துவிடும். முதல் ரைஃபிள் அமைப்பவருக்கு .308 அல்லது .22தான் ஏற்றது. வேகத்துக்கு ஆசைப்பட்டு மேக்னம் வாங்குகிறவர், சுடக் கற்று முடிப்பதற்குள் குழலை முடித்துவிடுவார்.

சுடும் வேகமும் அதே அளவு முக்கியம். ஒரு தோட்டாவின் சூடு வடியுமுன் அடுத்தது, அதற்குள் அடுத்தது என்று தொடர்ந்தால், மேல்தோலின் கொதிப்பு ஏற்கெனவே காய்ந்த உலோகத்தின்மேல் ஏறுகிறது. நிதானமாகச் சுட்டால் ஐயாயிரம் தாங்கும் குழலை அவசரக்காரர் பாதியில் தீர்த்துவிடலாம். குழலைக் கையால் தொட்டு வைத்திருக்க முடியவில்லை என்றால் நிறுத்தவேண்டிய நேரம் வந்துவிட்டது. தடித்த குழல் மெல்லச் சூடாகும், சூட்டில் குறி அவ்வளவு நகராது. ஆனால் அதன் தொண்டையும் எஃகுதான்.

எஃகில் இரண்டு குலம். குரோமியமும் மாலிப்டினமும் சிறிதளவு சேர்ந்த 4140, 4150 வகை ஒன்று. 12 சதவீதத்துக்குக் குறையாத குரோமியம் கொண்ட 416 வகைத் துருப்பிடிக்கா எஃகு மற்றொன்று. போட்டிக் குழல்களில் பெரும்பாலானவை இரண்டாவது வகை. அதைச் சீராகக் கடைய முடியும், துளையைத் தேய்த்து மெருகேற்றுவதும் எளிது. 'துருப்பிடிக்கா' என்பதை எழுத்துக்கு எழுத்து நம்பக் கூடாது. கடற்காற்றில் எண்ணெய் இல்லாமல் கிடந்தால் அதுவும் புள்ளி புள்ளியாக அரிக்கும். ராணுவக் குழல்களில் துளைக்குள் கடினக் குரோமியப் பூச்சு இடுவது வழக்கம். ஜப்பானின் 1939ஆம் ஆண்டு அரிசாகா ரைஃபிளில் அது இருந்தது. வியட்நாமுக்குப் போன முதல் எம்16களில் அது இல்லை. ஈரத்தில் அறை துருப்பிடித்து, சுட்ட வெற்றுத்தோட்டா உள்ளேயே சிக்கிக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். பூச்சு ஆயுளைக் கூட்டும், ஆனால் துளை முழுக்க அது ஒரே கனத்தில் படிவது கடினம். அதனால் துல்லியத்தை நாடுவோர் பூச்சைத் தவிர்க்கிறார்கள். நைட்ரைடிங் முறையில் எஃகின் மேல்தோலே கடினமாக்கப்படுவதால் துளையின் அளவு ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

வரியிடும் முக்கிய முறைகள் மூன்று: ஒற்றை வெட்டுளியால் சிறுகச் சிறுகக் கீறுவது, கார்பைடு குமிழை இழுத்து அழுத்துவது, உட்கோலைச் சுற்றிச் சுத்தியலால் அடித்து உருவாக்குவது. மூன்றிலும் அருமையான குழல்கள் உண்டு. முறையைவிடச் செய்பவரின் கை பெரிது.

வரியின் முறுக்கு குண்டின் நீளத்தைப் பொறுத்தது. 1879இல் பிரிட்டிஷ் கணிதவியலாளர் கிரீன்ஹில் தந்த கணக்கு இன்றும் தோராயமாக உதவுகிறது: குண்டின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி, 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்பது கிடைக்கும். 0.308 அங்குல விட்டமும் 1.2 அங்குல நீளமும் கொண்ட குண்டுக்கு ஏறத்தாழ 12 வரும். இன்னும் நீளமான குண்டுக்குப் பத்து அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது பாதுகாப்பான தேர்வு.

மற்றப் பாகங்களில் முதலிடம், போல்ட்டும் அதைத் தாங்கும் சட்டகமும் சேர்ந்த பூட்டு அமைப்புக்கு. 1898 மௌசரும் 1962 ரெமிங்டன் 700உம் இன்றுவரை முன்மாதிரிகள். போல்ட்டின் இரண்டு முன்பற்களும் சமமாக அழுந்துகின்றனவா என்று கம்மியர் நீலமை தடவிப் பார்ப்பார். ஒரு பல் மட்டும் தாங்கினால் சுடும்போது போல்ட் கோணும். குழலைப் பூட்டில் திருகியதும் அறையின் ஆழத்தை அளக்க வேண்டும். .308க்கான இரண்டு அளவுக் கட்டைகள் 1.630, 1.634 அங்குலம். முதலாவதன்மேல் போல்ட் மூட வேண்டும், இரண்டாவதன்மேல் மூடக் கூடாது. நடுவில் இருப்பது ஒரு தாளின் கனம். அந்தத் தாள் கனம் தவறினால் வெற்றுத்தோட்டா கிழிந்து வாயு பின்னால் பீறிடலாம். அனுபவம் இல்லாத கை இதைத் தொடக் கூடாது.

ரைஃபிளைத் தாங்கும் கட்டைக்கும் குழலுக்கும் இடையே ஒரு ரூபாய் நோட்டை நுழைத்து, முனையிலிருந்து பூட்டு வரை இழுத்துப் பார்ப்பது பழைய சோதனை. நோட்டு எங்காவது சிக்கினால், அங்கே கட்டை குழலைத் தொடுகிறது. சூடேறும்போது குழலைத் தள்ளிக் குறியை நகர்த்தும். பூட்டு கட்டையில் அசையாமல் உட்கார எபாக்சிப் பசையால் படுக்கை அமைப்பது செலவு குறைந்த, பலன் கூடிய வேலை. கைக்கு இணங்கும் நல்ல விசை அடுத்தது. அலங்காரப் பாகங்களுக்குப் போகும் பணத்தில் இரண்டாவது குழல் ஒன்று வாங்கி வைக்கலாம்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பூட்டுச் சட்டகத்தைத்தான் துப்பாக்கியாகக் கணக்கிடுகிறது. குழலைக் கடையில் உதிரிப் பாகமாக வாங்கலாம். இந்தியாவில் அப்படி இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பாகங்களையும் ஆயுதத்துக்குள் அடக்குகிறது. செய்வது, மாற்றுவது, பழுதுபார்ப்பது எல்லாவற்றுக்கும் உரிமம் வேண்டும்.

தேய்ந்து தீரும் குழல்களுக்கு நடுவே, துடைக்கத் தெரியாமல் கெடுக்கப்படும் குழல்களும் உண்டு. கோலைப் பின்னாலிருந்து, வழிகாட்டிக் குழாய் வைத்துச் செலுத்த வேண்டும். முன்னாலிருந்து குத்தினால் கோல் வாய்முனையின் விளிம்பைத் தேய்க்கும். குண்டு விடைபெறும் கடைசி இடம் அது. அங்கே சிறு பிசிறு இருந்தாலும் வாயு ஒரு பக்கம் முந்தி வெளியேறி, குண்டைச் சாய்த்துவிடும். காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்ளிருந்து வெளியே மெல்ல இழுத்தால், பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை மாட்டி நிற்கும். கண்ணுக்குத் தெரியாததை அது காட்டிவிடும்.

சுட்ட எண்ணிக்கையை ஒரு நோட்டில் குறித்துவருவது அவசியம். வரிமேடு எவ்வளவு முன்னால் நகர்ந்தது என்பதை ஐந்நூறு தோட்டாவுக்கு ஒருமுறை அளந்து அதே பக்கத்தில் எழுதினால் தொண்டையின் வயது தெரியும். அதே தோட்டாவில் வேகம் குறைவது, காரணமில்லாமல் ஒரு குண்டு மட்டும் கூட்டத்தை விட்டு விலகுவது ஆகியவை முடிவின் அறிகுறிகள். தடித்த குழலாக இருந்தால் பின்முனையில் ஓரிரு அங்குலம் வெட்டி, புது அறை கடைந்து, இன்னும் சில நூறு தோட்டாக்களுக்கு உயிர் கொடுக்கலாம். கம்மியரின் கூலியும் புதுக் குழலின் விலையும் நெருங்கி வந்தால் புதுக் குழலே மேல்.