“உங்களுக்கு அதிகாரம் இல்லை”: கணினியில் அனுமதிப் பிழைகளைக் கண்டறிதல்

கூட்டுறவுச் சங்கங்களின் பேரேடுகள் கணினிக்குள் புகுந்து வருகின்றன. 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. ஆகையால், இன்னார் இன்னது செய்யலாம் என்பதைக் கணினி எங்ஙனம் தீர்மானிக்கிறது என்பதைச் செயலாளர்களும் நிர்வாகக் குழுவினரும் அறிந்திருத்தல் நலம். ஜெர்மனியில் 1972-இல் தொடங்கிய நிறுவனத்தின் எஸ்.ஏ.பி. மென்பொருள் பெரிய ஆலைகளில் பரவலாக வழங்குவதால், அதனையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஒரு நூற்பாலையில் பஞ்சுக் கொள்முதலைக் கவனிக்கும் எழுத்தர் ஒருவரை நினைத்துக் கொள்ளுங்கள். சாயச் சரக்குப் பிரிவின் எழுத்தர் விடுப்பில் செல்லவே, அப்பணியும் இவர் மேல் விழுகிறது. கொள்முதல் ஆணைப் படிவம் தடையின்றித் திறக்கிறது. விவரங்களை நிரப்பிய பின்னரோ, “உங்களுக்கு அதிகாரம் இல்லை” என்கிறது திரை. படிவம் திறந்ததே, பிறகு அதிகாரம் எவ்வாறு இல்லாமற் போகும் என்று அவர் கேட்கிறார். கேள்வி நியாயமானதே. படிவத்தைத் திறப்பதற்கு ஓர் அனுமதி. அதனுள் எந்தப் பிரிவுக்கு, எந்த ஆலைக்கு, எவ்வகை ஆணை எழுதலாம் என்பதற்குத் தனித்தனி அனுமதிகள். சங்க அலுவலகத்தினுள் நுழைந்தவர் எல்லோரும் பெட்டகத்தைத் திறந்துவிட முடியாதன்றோ?

பலரும் இடறும் இடம் இதற்கு அடுத்தது. ஒவ்வோர் அனுமதியையும் ஒரு சீட்டாகக் கருதுங்கள். அச்சீட்டில் செயலின் எண்ணும் பிரிவின் பெயரும் இருக்கும். செயல் எண் 01 என்றால் புதிதாக உண்டாக்குதல், 02 திருத்துதல், 03 பார்வையிடுதல். நம் எழுத்தரிடம் இரண்டு சீட்டுகள் உள்ளன. ஒன்றில் “பஞ்சு, 01”. மற்றொன்றில் “சாயம், 03”. இரண்டையும் சேர்த்துப் படிப்பவர், 01-உம் இருக்கிறது, சாயமும் இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும் என்பார். கணினி அவ்வாறு கூட்டிப் பார்ப்பதில்லை. “சாயம், 01” என்பது ஒரே சீட்டில் ஒருங்கே இருந்தாலன்றி அது இணங்காது. இந்த ஒன்றை உணராமல் நாள் முழுவதும் தேடியவர்களை நான் அறிவேன்.

மறுப்பு வந்தவுடன், வேறு எதையும் தொடாமல், அதே பயனர் எஸ்.யு.53 என்னும் திரையைத் திறக்க வேண்டும். எந்த அனுமதி, எந்த மதிப்புக்காக மறுக்கப்பட்டது என்பதை அது காட்டும். ஆனால் அதனை வேதவாக்காகக் கொள்ளலாகாது. ஒரு பொத்தானைக் காட்டுவதா மறைப்பதா என்று அறிவதற்காகவும் நிரல் சில சோதனைகளைச் செய்யும். அவை தோற்றாலும் வேலை தடைப்படாது. ஐயம் எழுந்தால் சோதனைத் தடத்தைப் பதிவு செய்து, வரிவரியாகப் பார்க்க வேண்டும். அதில் 0 என்றால் அனுமதி கிடைத்தது. 4 என்றால் அவ்வகைச் சீட்டு உண்டு, மதிப்புதான் பொருந்தவில்லை. 12 என்றால் அவ்வகைச் சீட்டே இல்லை. நம் எழுத்தருக்கு வந்தது 4.

சில வேளைகளில் பதவிக்குரிய அதிகாரத் தொகுதியில் எல்லாம் சரியாகவே இருக்கும்; மறுப்பு மட்டும் நீங்காது. தொகுதியைத் திருத்தியவர் அதற்குரிய சுயவிவரத்தை மறுபடி உருவாக்க மறந்திருப்பார். அல்லது பயனரின் பதிவோடு அதனை ஒப்பிட்டுச் சேர்த்திருக்க மாட்டார். அல்லது காலவரம்பு கடந்திருக்கும். இவை யாவும் சரியெனில், பயனரை ஒருமுறை வெளியேறி மீண்டும் நுழையச் சொல்லிப் பாருங்கள்.

மாதக் கடைசியில், பொறுமை குறைந்த நேரத்தில், வேறொரு மருந்து கையருகே நிற்கும். “சாப் ஆல்” என்னும் சர்வாதிகாரச் சீட்டே அது. ஒரு நிறுவனத்தின் தணிக்கையில் இதனைக் கண்டேன். ஒரு மாலைப் பொழுதின் அவசரத்திற்காக ஓர் எழுத்தருக்கு அது வழங்கப்பட்டிருந்தது. நான்கு மாதங்கள் கழித்தும் அவரிடமே இருந்தது. புதிய விற்பனையாளரைப் பதிவு செய்யவும், அவர் பட்டியலை ஏற்கவும், பணம் அனுப்பவும் அவர் ஒருவராலேயே முடியும். அவர் ஒரு காசும் தொடவில்லை. ஆயினும் அந்நான்கு மாதப் பட்டுவாடாக்கள் அனைத்தையும் ரசீதோடு ஒத்துப் பார்க்க மூன்று வாரங்கள் ஆயின. அத்தனை நாட்களும் சந்தேகம் சுமந்து நின்றவர், கேளாமலே அதிகாரம் பெற்ற அந்த எழுத்தர்தான்.

சாயப் பிரிவுக்குத் திரும்புவோம். அங்கு வேண்டுவது “சாயம், 01” என்ற ஒரு மதிப்பு மட்டும். அதனைப் பஞ்சு எழுத்தர்கள் அனைவருக்கும் உரிய தொகுதியில் சேர்த்தால் எல்லோருக்கும் போய்விடும். தனித் தொகுதியாக அமைத்து, இவருக்கு மட்டும் அளித்து, விடுப்பு முடியும் நாளையே கடைசித் தேதியாகக் குறிப்பிடுங்கள். தேதி குறித்ததோடு விட்டுவிடலாகாது. பயனர் பதிவுகளை நாள்தோறும் இரவில் ஒப்பிட்டுச் சரிசெய்யும் வேலையையும் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். இல்லையேல் தேதி கடந்த பின்னரும் பழைய அதிகாரம் அவர் பெயரில் எஞ்சி நிற்கக்கூடும்.