கருவுற்ற காலத்தில் புதிய தடுப்பூசி: முடிவும் பொறுப்பும்

2021ஆம் ஆண்டு ஜனவரி 16ஆம் நாள் நம் நாட்டில் கோவிட்-19 தடுப்பூசி இயக்கம் தொடங்கியபோது, கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மார்களும் அதில் சேர்க்கப்படவில்லை. பாலூட்டும் தாய்மார்களுக்கு அவ்வாண்டு மே மாதத்திலும், கருவுற்றவர்களுக்கு ஜூலை 2ஆம் நாளிலும் அனுமதி கிடைத்தது. இடைப்பட்ட ஐந்தரை மாத காலத்திலேதான் நோயின் இரண்டாவது அலை நாடெங்கும் பரவியது. தடுப்பூசி கைவசம் இருந்தும், பாதுகாப்பு பற்றிய சான்று போதவில்லை என்ற காரணத்தால் கருவுற்ற பெண்கள் அந்த அலையைத் தடுப்பூசியின்றியே எதிர்கொள்ள நேர்ந்தது.

புதிய தடுப்பூசி ஒன்று வரும்போது கருவுற்ற பெண் அதை ஏற்பதா, காத்திருப்பதா என்பது இதனால் எழும் கேள்வி. இது மருத்துவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. திட்டம் வகுப்போரும், மாவட்ட நிர்வாகத்தினரும், கிராமத்தில் வீடு வீடாகச் செல்லும் சுகாதாரப் பணியாளரும் இதற்கு விடை கூறக் கடமைப்பட்டவர்கள். ஊசி போடுவதில் ஆபத்து இருக்கலாம். போடாமல் இருப்பதிலும் ஆபத்து இருக்கலாம். ஒன்றை மட்டும் கணக்கில் எடுத்து மற்றதை விட்டுவிடுவது எச்சரிக்கை ஆகாது. இதுவே இப்பொருள் பற்றிய அடிப்படைப் பாடம்.

விலக்கி வைத்தலின் வரலாறு

கருவுற்ற பெண்களுக்குப் புதிய மருந்து எதையும் கொடுக்கலாகாது என்ற மனப்பான்மை காரணமின்றித் தோன்றியதல்ல. 1957இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்னும் மருந்து, கருவுற்ற காலத்துக் குமட்டலுக்கும் பல நாடுகளில் கொடுக்கப்பட்டது. அதன் விளைவாகக் கை கால் குறைபாடுகளுடன் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன. 1961இன் இறுதியில் அம்மருந்து திரும்பப் பெறப்பட்டது. 1977இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், கருத்தரிக்கும் வாய்ப்புள்ள பெண்களை மருந்துகளின் தொடக்கநிலைச் சோதனைகளில் சேர்க்க வேண்டாம் என்று வழிகாட்டியது. அவ்விதி 1993 வரை நீடித்தது.

இங்கு ஒரு நுட்பத்தை மாணவர்கள் கவனித்தல் வேண்டும். தாலிடோமைடு தீங்கு விளைத்தது, அது கருவுற்ற பெண்களிடம் முறையாகச் சோதிக்கப்பட்டதால் அன்று, சோதிக்கப்படாமலே கொடுக்கப்பட்டதால்தான். ஆயினும் அதிலிருந்து உலகம் கற்றுக்கொண்ட பாடம் அவர்களைச் சோதனைகளிலிருந்து விலக்குவதாகவே அமைந்தது. சோதனைக்கூடத்தில் தீர்க்கப்பட வேண்டிய ஐயம் தீர்க்கப்படாமலே, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நிற்கும் பெண்ணின் தோளுக்கு மாற்றப்பட்டது.

எல்லாத் தடுப்பூசியும் ஒன்றல்ல

கருவுற்ற காலத்துத் தடுப்பூசி நமக்குப் புதிதன்று. பிறந்த சிசுக்களைப் பலிகொண்ட ரணஜன்னி நோய் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. தூய்மையற்ற கருவியால் தொப்புள்கொடி அறுக்கப்படும்போது இந்நோய்க் கிருமி குழந்தையின் உடலில் புகுகிறது. தாய்க்குத் தடுப்பூசி போட்டால், அவள் உடலில் உண்டாகும் எதிர்ப்புப் பொருள் நஞ்சுக்கொடி வழியே குழந்தையைச் சென்றடைந்து முதல் வாரங்களில் அதைக் காக்கிறது. நியூகினியில் நடத்தப்பட்டு 1961இல் வெளியான ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. 1988இல் உலகில் 7,87,000 சிசுக்கள் ரணஜன்னியால் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. 2018இல் அந்த எண்ணிக்கை 25,000 ஆகக் குறைந்தது. தாய் சேய் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்பது 2015 மே மாதம் உறுதி செய்யப்பட்டது. தூய்மையான பிரசவமும் கருவுற்ற காலத்துத் தடுப்பூசியும் இணைந்து பெற்ற வெற்றி இது. ரணஜன்னித் தடுப்பூசிக்குப் பதிலாக, தொண்டை அடைப்பானையும் சேர்த்துத் தடுக்கும் கலவை ஊசி 2019இல் நம் தேசியத் திட்டத்தில் புகுத்தப்பட்டது.

இந்த ஊசியில் உயிருள்ள கிருமி இல்லை. ஆனால் ரூபெல்லா போன்ற நோய்களுக்கான தடுப்பூசியில் வலுக்குறைக்கப்பட்ட உயிர்க்கிருமி உள்ளது. அக்கிருமி கருவைத் தொடக்கூடும் என்னும் கருத்தளவிலான அச்சத்தால், அது கருவுற்ற காலத்தில் தவிர்க்கப்படுகிறது. அதே வேளையில், கருவுற்றது அறியாமல் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர், அதன் காரணமாகக் கருவைக் கலைக்க வேண்டியதில்லை என்பதும் மருத்துவ உலகின் உறுதியான முடிவு.

மூன்றாவது எடுத்துக்காட்டு வெறிநாய்க்கடி. நோய் தோன்றிவிட்டால் மரணம் ஏறத்தாழ உறுதி. ஆகவே கடிபட்ட பெண் எந்த மாதக் கர்ப்பிணியாக இருப்பினும் தடுப்பூசியை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. தடுப்பூசியின் வகை என்ன, நோயின் கடுமை என்ன, நோய் வரும் வாய்ப்பு எவ்வளவு ஆகிய மூன்றையும் சேர்த்தே முடிவு காண வேண்டும் என்பதை இம்மூன்று நோய்களும் உணர்த்துகின்றன.

2021இல் எடைபோட்ட முறை

கோவிட் நோய் கண்ட கர்ப்பிணிகளில் 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேராமலே குணமடைந்தனர் என்று மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டிக் குறிப்பே கூறியது. ஆயினும் சிலரிடம் நோய் விரைவாக முற்றியது. கருப்பை வளர வளர நுரையீரல் விரிவதற்கான இடம் குறைவதும், நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், மிகை உடல் எடை போன்றவை சேர்வதும் ஆபத்தைக் கூட்டின. குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பும் உயர்ந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 1,530 கர்ப்பிணிகள் மற்றும் பிரசவித்த பெண்களின் பதிவுகளை ஆராய்ந்தது. அவர்களுள் 1,143 பேர் முதல் அலையைச் சேர்ந்தவர்கள். 387 பேர் இரண்டாவது அலையைச் சேர்ந்தவர்கள். நோய்க்குறி கண்டவர்கள் முதல் அலையில் 14.2 சதவீதம்; இரண்டாவது அலையில் 28.7 சதவீதம். இறந்தோர் விகிதம் 0.7 சதவீதத்திலிருந்து 5.7 சதவீதமாக உயர்ந்தது. மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்கு இது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இதை அப்படியே பொருத்துவது பிழை. எனினும் காத்திருப்பதன் விலை ஏறிவிட்டது என்பதை இவ்வெண்கள் காட்டின.

தராசின் மறுதட்டில் என்ன இருந்தது? 2021 ஏப்ரலில் அமெரிக்காவிலிருந்து முதல் பெரும் தொகுப்பு வெளியாயிற்று. தடுப்பூசி பெற்ற 35,691 கர்ப்பிணிகளின் தகவல்கள் அதில் இடம்பெற்றன. ஆனால் விரிவாகப் பின்தொடரப்பட்டு, கர்ப்பம் நிறைவுற்ற நிலையில் இருந்தவர்கள் 827 பேர் மட்டுமே. அவர்களிலும் 700 பேர் கடைசி மூன்று மாதங்களில் ஊசி பெற்றவர்கள். கருச்சிதைவு என்பது 20 வாரங்களுக்கு முன் நேர்வது. அக்கட்டத்தைக் கடந்த பின் ஊசி பெற்றவர்களையும் சேர்த்து வகுத்தால் கருச்சிதைவு விகிதம் பொய்யாகக் குறையும். அவர்களை நீக்கிவிட்டு, கர்ப்பம் இன்னும் தொடர்வோரைச் சேர்க்காமல் வகுத்தால் பொய்யாகக் கூடும். இவ்விருவகைத் தவறுகளும் அன்று மக்களிடையே குழப்பம் விளைத்தன. அவ்வாண்டு செப்டம்பரில் வெளியான, 2,456 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வில், 6ஆம் வாரம் முதல் 20ஆம் வாரம் வரையிலான கருச்சிதைவு வாய்ப்பு 14.1 சதவீதம் எனக் கண்டறியப்பட்டது. இது வழக்கமாக எதிர்பார்க்கப்படும் அளவை ஒட்டியதே.

இன்னொரு சிக்கலும் இருந்தது. அமெரிக்கச் சான்று எம்.ஆர்.என்.ஏ. வகை ஊசிகளைப் பற்றியது. நம் நாட்டில் பெருமளவில் கிடைத்தவையோ கோவிஷீல்டும் கோவேக்சினும். முன்னது வேறொரு வைரசின் வழியே செயற்படுவது. பின்னது கொல்லப்பட்ட வைரசால் ஆனது. தடுப்பூசிக்கான தேசியத் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு பரிந்துரை செய்தபோது, நேரடிச் சான்று குறைவாகவும் நோயின் ஆபத்து கண்கூடாகவும் இருந்தன. கர்ப்பத்தின் எந்தக் கட்டத்திலும் ஊசி பெறலாம் என அனுமதித்த அரசு, தெரிந்தவற்றோடு தெரியாதவற்றையும் கூறுமாறு பணியாளர்களைப் பணித்தது. நெடுங்கால விளைவுகள் இன்னும் நிறுவப்படவில்லை என்பதும், ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் பேரில் ஒருவருக்கு 20 நாள்களுக்குள் உடனடிக் கவனம் தேவைப்படும் குறிகள் தோன்றலாம் என்பதும் குறிப்பிலேயே இடம்பெற்றன.

முடிவு யாருடையது?

அந்த வழிகாட்டி நெறியின் மையக் கருத்து, முடிவெடுப்பவள் அப்பெண்ணே என்பது. நம் குடும்பங்களில் கர்ப்பிணியின் உணவு முதல் மருத்துவமனை வரை மாமியாரும் கணவரும் தீர்மானிப்பது பலவிடங்களில் வழக்கம். அவர்களை ஒதுக்கிவிட்டுப் பேசினால் காரியம் நடவாது. அவர்களிடம் மட்டுமே பேசினால் நீதி ஆகாது. பெண்ணையும் குடும்பத்தையும் உடன் இருத்தி விளக்கிய பின், விடையை அவளிடமே கேட்பதே முறை.

விளக்கம் எவ்வாறு அமைய வேண்டும்? ஆஷா பணியாளரும் கிராம சுகாதாரச் செவிலியரும் ஐந்து கேள்விகளுக்கு விடை கூற ஆயத்தமாக இருத்தல் நலம். இவ்வூரில் இந்நோய் இப்போது எவ்வளவு பரவியுள்ளது? இப்பெண்ணுக்கு ஆபத்தைக் கூட்டும் வேறு நோய் உண்டா? ஊசியில் உயிர்க்கிருமி உள்ளதா? இதுவரை எத்தனை கர்ப்பிணிகள் இதைப் பெற்றுள்ளனர், அவர்களுக்கு என்ன நேர்ந்தது? பிரசவம் வரை காத்திருந்தால் இழப்பது என்ன?

கால அளவும் கணக்கிடத்தக்கது. 2021 மே முதல் கோவிஷீல்டின் இரு தவணைகளுக்கு இடைவெளி 12 முதல் 16 வாரங்களாக இருந்தது. ஏழாம் மாதத்தில் முதல் ஊசி பெற்றவருக்கு இரண்டாவது ஊசி பிரசவத்துக்குப் பின்னரே கிடைத்திருக்கும். ஆகவே காத்திருப்பது சில வாரங்களே என்று தோன்றினாலும், அது பாதுகாப்பின்றிப் பிரசவத்தைச் சந்திப்பதாக முடியலாம்.

மறுத்த பெண்ணைக் கடிந்துகொள்வதும், பயனாளிகள் எண்ணிக்கையை நிரப்ப அவளை வற்புறுத்துவதும் தவறு. இன்று வற்புறுத்தப்பட்டவள் நாளை தன் குழந்தைக்குரிய ஊசிக்கும் வராமற்போகலாம்.

இனி வருபவை

கோவிட் உலகளாவிய அவசரநிலையாக நீடிக்கவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் அறிவித்தது. ஆனால் கேள்வி ஓயவில்லை. கைக்குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. என்னும் கிருமிக்கு எதிராகத் தாய்மார்களுக்குப் போடும் ஊசி 2023 ஆகஸ்டில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இந்த ஊசியைக் கர்ப்பிணிகளிடமே முறையாகச் சோதித்தனர். சோதனையில் குறைமாதப் பிரசவம் ஊசி பெற்றோரிடம் 5.7 சதவீதம், பெறாதோரிடம் 4.7 சதவீதம். இவ்வேறுபாடு தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் முன்னெச்சரிக்கையாக 32 முதல் 36 வாரங்களுக்குள் மட்டுமே அனுமதிக்கப்பட்டது. இதே நோய்க்கான மற்றொரு நிறுவனத்தின் ஊசியிலோ இவ்வெண்கள் 6.8, 4.9 என அமைந்தன. 2022இல் அச்சோதனை நிறுத்தப்பட்டது.

ஒரே நோக்கமுடைய இரு ஊசிகளின் கதை இவ்வாறு வேறுபட்டது. கர்ப்பிணிகளைச் சோதனையில் சேர்த்ததால்தான் ஒன்றின் எல்லையும் மற்றொன்றின் குறையும் வெளிப்பட்டன. அவர்களைச் சேர்க்காதிருந்தால் இரண்டையும் மறுத்திருப்போம், அல்லது இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்திருப்போம்.

ஆகவே அரசின் பொறுப்பு இருவகையானது. தகுந்த பாதுகாப்புடனும் முழு இசைவுடனும் கர்ப்பிணிகள் உரிய காலத்தில் ஆய்வுகளில் இடம்பெறச் செய்வது ஒன்று. ஊசி பெற்ற ஒவ்வொருவரையும் பிரசவம் வரை பின்தொடர்ந்து, பாதக நிகழ்வு எதுவாயினும் மறைக்காமல் பதிவு செய்வது மற்றொன்று. செவிலியர் தம் பதிவேட்டில் ஒழுங்காக எழுதும் ஒரு வரி, அடுத்த ஆண்டு வேறொரு மாவட்டத்தில் ஒரு தாய் கேட்கும் கேள்விக்கு விடையாக அமையும்.