சுவரைத் துளைத்த மேசை
கணினி வரைபடத்தில் பிளாக்கின் செருகுபுள்ளியை மாற்றும்போது நடப்பது என்ன?

மாணவர்களே, உங்கள் பள்ளி அறிவியல் கூடத்தின் தளவரைபடத்தை ஆட்டோகேட் மென்பொருளில் வரைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடத்தில் 20 மேசைகள். ஒவ்வொன்றையும் கோடு கோடாக வரைய வேண்டியதில்லை. ஒரே ஒரு மேசையை வரைந்து, அதற்குப் பெயர் சூட்டிச் சேமித்தால் போதும். பிறகு வேண்டிய இடங்களில் செருகிக்கொள்ளலாம். இப்படிச் சேமித்த உருவத்துக்குப் ‘பிளாக்’ என்று பெயர். 1982இல் வெளிவந்த ஆட்டோகேட்டை இன்றும் பொறியாளர்களும் கட்டட வரைவாளர்களும் பயன்படுத்துகிறார்கள். அவர்களின் நேரத்தை மிச்சப்படுத்தும் வசதிகளுள் பிளாக்கும் ஒன்று.

ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு செருகுபுள்ளி உண்டு. வாணலிக்குக் கைப்பிடி எப்படியோ, பிளாக்குக்குச் செருகுபுள்ளி அப்படி. வரைபடத்தில் நீங்கள் சுட்டும் இடத்தில் வந்து அமர்வது அந்தப் புள்ளிதான். பிளாக்கைத் திருப்பினால், அந்தப் புள்ளியை மையமாகக் கொண்டே அது சுழலும்.

கணினி எதை நினைவில் வைத்திருக்கிறது?

20 மேசைகளின் கோடுகளையும் கணினி தனித்தனியே சேமிப்பதில்லை. மேசையின் வடிவம் ஒரு முறைதான் பதிவாகும். மற்றபடி ஒவ்வொரு மேசைக்கும் அது குறித்துக்கொள்ளும் முக்கியத் தகவல்கள் மூன்று: செருகுபுள்ளியின் அச்சுத்தூரம், அளவு மடங்கு, திருப்பிய கோணம். கோப்பு சிறியதாக இருப்பதற்கு இதுவே காரணம். மேசையின் வடிவத்தை ஒரு முறை திருத்தினால் இருபதும் ஒரே நேரத்தில் மாறுவதற்கும் இதுவே காரணம். சிக்கல் பிறப்பதும் இங்கேதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம்

மேசையின் நீளம் 1200 மில்லிமீட்டர், அகலம் 600 மில்லிமீட்டர். செருகுபுள்ளி அதன் இடது கீழ் மூலையில் இருக்கிறது. ஒரு மேசையை (3000, 2000) என்ற இடத்தில் செருகியிருக்கிறீர்கள். கிடையாக 3000 முதல் 4200 வரையும், செங்குத்தாக 2000 முதல் 2600 வரையும் அது இடம் பிடிக்கும். அதன் இடது விளிம்பு சுவரை ஒட்டியிருக்கிறது.

இப்போது செருகுபுள்ளியை மேசையின் நடுவுக்கு மாற்ற விரும்புகிறீர்கள். செய்முறை எளிது:

1. பிளாக்கை இருமுறை சொடுக்கி, பிளாக் எடிட்டரைத் திறங்கள். ‘பிஎடிட்’ கட்டளையாலும் திறக்கலாம்.
2. எடிட்டருக்குள் (0, 0) என்ற ஆதிப்புள்ளிதான் செருகுபுள்ளி.
3. உருவம் முழுவதையும் தேர்ந்தெடுத்து ‘மூவ்’ கட்டளையைக் கொடுங்கள். முதல் புள்ளியாக மேசையின் நடுவைச் சுட்டி, இரண்டாம் புள்ளியாக 0,0 என்று தட்டச்சு செய்யுங்கள். டைனமிக் இன்புட் இயங்கிக்கொண்டிருந்தால் #0,0 என்று தட்டுங்கள். இல்லாவிட்டால் அந்த எண்களை நகரும் தொலைவாக எடுத்துக்கொண்டு, உருவம் இருந்த இடத்திலேயே நிற்கும்.
4. மாற்றத்தைச் சேமித்து எடிட்டரை மூடுங்கள்.

மூடியதும் வரைபடத்தைப் பாருங்கள். மேசை சுவரைத் துளைத்துக்கொண்டு நிற்கும்! கணினியின் குறிப்பில் (3000, 2000) என்ற எண்கள் மாறவில்லை. ஆனால் முன்பு அங்கே மூலை இருந்தது. இப்போது நடுப்பகுதி இருக்கிறது. ஆகவே மேசை இடப்பக்கம் 600, கீழ்ப்பக்கம் 300 மில்லிமீட்டர் நகர்ந்து, 2400 முதல் 3600 வரை இடம் பிடிக்கிறது.

எல்லா மேசைகளையும் ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, வலப்பக்கம் 600, மேலே 300 நகர்த்தினால் சரியாகிவிடுமா? எல்லாம் ஒரே திசையைப் பார்த்திருந்தால் சரியாகும். ஆனால் 90 பாகை இடஞ்சுழியாகத் திருப்பிய மேசைக்கு நகர்வும் சேர்ந்து திரும்பிவிடும். அது வலப்பக்கம் 300, கீழ்ப்பக்கம் 600 நகர்ந்திருக்கும். இரு மடங்கு பெரிதாக்கிச் செருகியிருந்தால் நகர்வும் இரு மடங்காகும். படிவம் 2 கணிதத்தில் படித்த ‘திரான்ஸ்லாசி’, ‘புத்தாரான்’ இரண்டும் இங்கே கைகோத்து வேலை செய்கின்றன.

எப்படிச் சரிசெய்வது?

ஒரே கோணமும் ஒரே அளவும் கொண்ட மேசைகளைக் குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவையும் அதற்குரிய எதிர்த்திசையில் நகர்த்துங்கள். திருப்பாத குழுவுக்கு (600, 300). 90 பாகை திரும்பிய குழுவுக்கு (−300, 600). பழைய மேசைகளைத் தொடவே வேண்டாம் என்றால், எடிட்டரில் திருத்திய உருவத்தை வேறு பெயரில் சேமியுங்கள். பழையவை இருந்த இடத்திலேயே இருக்கும்; இனிமேல் செருகுபவற்றுக்குப் புதிய பிளாக்கைப் பயன்படுத்தலாம்.

இது ஏன் முக்கியம்? மேசை சுவருக்குள் நின்றால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அறையின் நடுவே உள்ள கழுவுதொட்டி 300 மில்லிமீட்டர் தள்ளி நின்றால் யாருக்குத் தெரியும்? கணினியும் எச்சரிக்காது, அதன் கணக்கில் எதுவும் தவறில்லை. ஆனால் குழாய் பொருத்துபவர் வரைபடத்தை நம்பித்தான் தரையில் துளையிடுவார்.

ஆகவே, பிளாக்கை உருவாக்கும்போதே செருகுபுள்ளியை யோசித்து வையுங்கள். கதவுக்குக் கீல் இருக்கும் முனை. விளக்குக்கும் தூணுக்கும் நடுப்புள்ளி. கழுவுதொட்டிக்குச் சுவரை ஒட்டும் விளிம்பின் நடு. அந்தப் பொருளை உண்மையில் எங்கே பிடித்துப் பொருத்துவோம் என்று கேட்டால் விடை கிடைத்துவிடும்.

செய்து பாருங்கள்

கட்ட அட்டையில் 12 கட்டம் நீளமும் 6 கட்டம் அகலமும் உள்ள துண்டு ஒன்றை வெட்டுங்கள். அதன் இடது கீழ் மூலையில் குண்டூசியைக் குத்தி, கட்டத்தாளின் ஒரு புள்ளியில் நிறுத்தி, ஓரங்களை வரையுங்கள். பிறகு ஊசியைத் துண்டின் நடுவுக்கு மாற்றி, தாளில் அதே புள்ளியில் குத்தி மறுபடி வரையுங்கள். இதையே துண்டை 90 பாகை, 180 பாகை திருப்பியும் செய்யுங்கள்.

கேள்வி: 180 பாகை திருப்பிய துண்டு எந்தப் பக்கம், எத்தனை கட்டம் நகரும்?

விடை: வலப்பக்கம் 6 கட்டம், மேலே 3 கட்டம். திருப்பாத துண்டின் நகர்வுக்கு நேர் எதிர்.