மாசி மாதத்து மாந்தோப்பு

சித்திரையில் புனே மார்க்கெட் யார்டில் ஹாபூஸ் மாம்பழத்தின் விலையைக் கேட்டு நாம் மலைத்து நிற்கிறோம். அவ்விலைக்குக் காரணம் கடைக்காரர் மட்டும் அல்லர். மலைக்கு அப்பால், இரத்தினகிரி, தேவ்கட் தோப்புகளில், தை மாசியிலேயே விளைச்சலின் தலைவிதி பெரும்பாலும் எழுதப்பட்டுவிடுகிறது.

மாம்பூங்கொத்தில் நூற்றுக்கணக்கான பூக்கள் உண்டு. பல ஆண் பூக்கள். இருபாற் பூக்களே காய்க்கும். பிடித்த பிஞ்சுகளிலும் பல உதிரும். நூறு பூவில் ஒன்றுகூட அறுவடை வரை நிற்பதில்லை. இந்நிலையில் தத்துப்பூச்சி சாற்றை உறிஞ்சுகிறது. சாம்பல் நோய் வெண்பொடியாய்ப் படர்ந்து பூவைக் கருக்குகிறது. பருவந்தப்பிய மழையோ பூவை உதிர்க்கிறது. தப்பிய கனியிலும், புறத்தே குறையின்றி அகத்தே சதை கெடும் கோளாறு உண்டு. தரையின் வெப்பம் அதற்கொரு காரணம் என்பர். ஆதலால் மரத்தடியில் சருகு பரப்புவர்.

ஓராண்டு காய்த்து மறு ஆண்டு சோர்வதும் அல்போன்சாவின் இயல்பு. நடுநிலக்கடல் நாட்டு ஒலிவ மரமும் அப்படியே. நம் நீலமோ ஆண்டுதோறும் காய்ப்பது. எனவே இரண்டையும் கலந்து, சதை கெடாத 'ரத்னா' என்னும் இனத்தைக் கொங்கண வேளாண் பல்கலைக்கழகத்தார் 1981-இல் வெளியிட்டனர். நம்மைப்போலவே நீலமும் இங்கு வந்து பயன்பட்டிருக்கிறது!

தோழர்களே, அடுத்த முறை பேரம் பேசுமுன், பூவைக் காத்து உறங்காதிருந்த உழவனின் அந்த இரு திங்களையும் எண்ணிப் பார்ப்போமாக.