பழைய கம்ப்யூட்டருக்குப் புதிய கிராபிக்ஸ் கார்டு தேவையா? வாங்கும் முன் பத்து நிமிடச் சோதனை

"அண்ணே, கிராபிக்ஸ் கார்டு போட்டா கம்ப்யூட்டர் ஸ்பீடா ஓடுமா?"

2025 பொங்கல் விடுமுறைக்குப் புதுக்கோட்டை மாவட்டம் குளத்தூரில் உள்ள சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். பையை இறக்கி வைப்பதற்குள் தம்பி கேட்ட கேள்வி இது. சித்தப்பா மகன், பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா படிக்கிறான். வீட்டில் இருப்பது 2014-ல் வாங்கிய கம்ப்யூட்டர். நான்காம் தலைமுறை கோர் ஐ3 பிராசஸர், 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. ஆட்டோகேட் திறந்து ஒரு வீட்டுப் பிளானை நகர்த்தினால் திரை அப்படியே நின்று விடுகிறது. திருச்சியில் ஒரு கடையில் கேட்டதற்கு, "2 ஜிபி கிராபிக்ஸ் கார்டு போடுங்க, சரியாயிடும்" என்று 7,500 ரூபாய் விலை சொல்லியிருக்கிறார்கள். கடலை விற்ற பணத்திலிருந்து சித்தப்பா அந்தத் தொகையைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்.

"நீ கம்ப்யூட்டர்லதானப்பா வேலை பாக்குற. வாங்கலாமா, வேண்டாமான்னு பாத்துச் சொல்லு" என்றார் சித்தப்பா.

அன்று நாங்கள் செய்த சோதனையையும் எடுத்த முடிவையும்தான் இங்கே சொல்லப் போகிறேன். பழைய கம்ப்யூட்டர் வைத்திருக்கும் எவரும், வாங்கிய புதிதாக இருப்பவர்களும் கூட, இதனை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். ஸ்குரூடிரைவர் கூடத் தேவையில்லை.

கிராபிக்ஸ் கார்டு என்ன வேலை செய்கிறது?

மானிட்டரில் நாம் பார்க்கும் எழுத்து, படம், வீடியோ எல்லாவற்றையும் வரைந்து அனுப்புவது கிராபிக்ஸ் பிரிவின் வேலை. இது இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. ஆனால் இதற்கென்று தனிக் கார்டு இருக்க வேண்டும் என்பதில்லை. வீடுகளில் உள்ள பெரும்பாலான கம்ப்யூட்டர்களில் பிராசஸருக்குள்ளேயே கிராபிக்ஸ் பிரிவும் சேர்ந்தே இருக்கிறது. இதற்கென்று சொந்த மெமரி கிடையாது. கம்ப்யூட்டரின் ராமில் ஒரு பகுதியை எடுத்துக் கொள்ளும். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

தனி கிராபிக்ஸ் கார்டில் அதற்கென்று ஒரு பிராசஸரும், சொந்த மெமரியும் இருக்கும். மதர்போர்டில் உள்ள நீளமான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் இதனைப் பொருத்த வேண்டும். முப்பரிமாண கேம்ஸ், முப்பரிமாண வரைபடங்கள், வீடியோ எடிட்டிங் ஆகியவற்றில் இது பெரிதும் உதவும். வேர்ட், எக்செல், தமிழ் டைப்பிங், இன்டர்நெட் இவற்றுக்குத் தனிக் கார்டால் கிடைக்கும் பயன் மிகக் குறைவு.

பத்து நிமிடச் சோதனை

எந்த வேலை செய்யும்போது கம்ப்யூட்டர் திணறுகிறதோ, அந்த வேலையை முதலில் தொடங்குங்கள். தம்பி ஆட்டோகேடில் பிளானைத் திறந்தான்.

பின்னர் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று கீகளையும் ஒரு சேர அழுத்தவும். டாஸ்க் மேனேஜர் விண்டோ கிடைக்கும். அது சிறியதாகத் தெரிந்தால், கீழே உள்ள "மோர் டீட்டெயில்ஸ்" என்பதில் கிளிக் செய்யவும். அடுத்து "பெர்பார்மன்ஸ்" என்னும் டேபில் கிளிக் செய்தால், இடது பக்கம் சி.பி.யு., மெமரி, டிஸ்க், ஜி.பி.யு. என வரிசையாகத் தெரியும். நாம் வழக்கமாகப் பெட்டியையே சி.பி.யு. என்று சொல்கிறோம். இங்கே சி.பி.யு. என்பது பிராசஸரைக் குறிக்கும். ஜி.பி.யு. என்பது கிராபிக்ஸ் பிரிவு.

விண்டோஸ் 10-ல், 2017 அக்டோபரில் வெளியான அப்டேட் முதல்தான் ஜி.பி.யு. வரி டாஸ்க் மேனேஜரில் வந்தது. அதன் பின்னரும் உங்களுக்கு அந்த வரி தெரியவில்லை என்றால், கிராபிக்ஸ் டிரைவர் மிகப் பழையது என்று பொருள். மற்ற மூன்று வரிகளை வைத்தே முடிவுக்கு வரலாம்.

இப்போது வேலையைத் தொடர்ந்து கொண்டே, எந்த வரி உச்சத்தில் நிற்கிறது என்று கவனியுங்கள். ஒரு நொடி ஏறி இறங்குவது கணக்கில்லை. திணறும் நேரம் முழுவதும் எது உச்சத்தில் இருக்கிறதோ, குற்றவாளி அதுதான்.

1. டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்கிறது: ஹார்ட் டிஸ்க் மெதுவாக இருக்கிறது. எஸ்.எஸ்.டி. போட்டால் பெரிய மாற்றம் தெரியும்.

2. மெமரி 90 சதவீதத்தைத் தொடுகிறது: ராம் போதவில்லை. ராம் நிரம்பியதும் விண்டோஸ் ஹார்ட் டிஸ்க்கையே ராம் போலப் பயன்படுத்தத் தொடங்கும். எனவே டிஸ்க் வரியும் சேர்ந்தே ஏறும்.

3. சி.பி.யு. 100 சதவீதத்தில் நிற்கிறது, ஜி.பி.யு. சும்மா இருக்கிறது: பிராசஸரால் முடியவில்லை. பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு இதனைத் தீர்க்காது. யூடியூப் வீடியோ ஒரு விதிவிலக்கு. புதிய வகை வீடியோக்களை விரிக்கப் பழைய கிராபிக்ஸ் பிரிவுக்குத் தெரியாததால், அந்தச் சுமையும் பிராசஸர் தலையில் விழும். வீடியோவின் தரத்தை 720-க்குக் குறைத்துப் பாருங்கள். பல நேரங்களில் அதுவே போதும்.

4. ஜி.பி.யு. 90 சதவீதத்துக்கு மேல் நிற்கிறது, மற்றவை நிதானமாக இருக்கின்றன: இப்போதுதான் கிராபிக்ஸ் கார்டு பற்றி யோசிக்க வேண்டும்.

எங்களுக்குக் கிடைத்த விடை

தம்பியின் கம்ப்யூட்டரில் டிஸ்க் 100, மெமரி 93, சி.பி.யு. 40-க்குப் பக்கம். ஜி.பி.யு. 15 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. அவனுக்கே சிரிப்பு வந்து விட்டது. "அண்ணே, இவன் வேலையே செய்யலையே!" என்றான். வேலை செய்யாமல் இருந்த ஒரு பிரிவுக்காக 7,500 ரூபாய் செலவழிக்க இருந்தோம்.

மறுநாள் திருச்சி போய் 256 ஜிபி எஸ்.எஸ்.டி. ஒன்று 1,800 ரூபாய்க்கும், 4 ஜிபி டிடிஆர்3 ராம் ஒன்று 600 ரூபாய்க்கும் வாங்கினோம். இவை அன்றைய விலைகள். இவற்றின் விலை ஏறி இறங்கக் கூடியது, எனவே நீங்கள் வாங்கும் நாளில் இரண்டு கடைகளில் விசாரிக்கவும். ராம் வாங்கப் போகும்போது, கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பழைய ராமைக் கழற்றிக் கையில் எடுத்துச் செல்லவும். டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 பொருந்தாது. எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸை நிறுவும் முன் போட்டோக்கள், பாடக் கோப்புகளைப் பென் டிரைவில் காப்பி செய்து கொள்ளவும்.

இரண்டாவது ராம் போட்டதில் இன்னொரு லாபமும் உண்டு. முதலில் நினைவில் வைக்கச் சொன்ன விஷயம் இங்கே வருகிறது. உள்ளிணைந்த கிராபிக்ஸ், கம்ப்யூட்டரின் ராமையே பயன்படுத்துகிறது. டிடிஆர்3 1600 வகை ராம் ஒன்று மட்டும் இருந்தால், நொடிக்கு அதிகபட்சம் 12.8 ஜிபி வேகத்தில் தகவல் போகும். அதே வகையில் இரண்டு ராம்களை இரண்டு சேனல்களில் போட்டால், இது 25.6 ஜிபி ஆகிறது. அதாவது 600 ரூபாயில் ராமும் கூடியது, கிராபிக்ஸும் ஓரளவு வேகம் பெற்றது.

மூன்று நிமிடத்துக்கு மேல் எடுத்துக் கொண்ட விண்டோஸ், அரை நிமிடத்துக்குள் திறந்தது. ஆட்டோகேடில் இரு பரிமாணப் பிளான்கள் தடங்கல் இல்லாமல் நகர்ந்தன. ஆனால் முப்பரிமாண வீட்டு மாடல் ஒன்றைத் திறந்து சுழற்றியபோது மீண்டும் திணறியது. டாஸ்க் மேனேஜரைப் பார்த்தோம். இந்த முறை ஜி.பி.யு. 95 சதவீதம்! கிராபிக்ஸ் கார்டு கேள்வி உண்மையில் எழுந்தது இப்போதுதான்.

கார்டு வாங்குவதென்றால் பார்க்க வேண்டியவை

1. ஸ்லாட்: மதர்போர்டில் நீளமான பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் உள்ளதா? இது 2004 முதல் வரத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஏ.ஜி.பி. ஸ்லாட் உள்ள கம்ப்யூட்டர் என்றால், அதற்குச் செலவு செய்யவே வேண்டாம். லேப்டாப்களில் பெரும்பாலும் கிராபிக்ஸ் சிப் மதர்போர்டோடு பற்ற வைக்கப்பட்டிருக்கும், மாற்ற முடியாது. 2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா லேப்டாப்களும் இப்படித்தான். அவற்றில் ராம், எஸ்.எஸ்.டி. மாற்றுவதோடு நிறுத்திக் கொள்ளலாம்.

2. மின்சாரம்: ஸ்லாட் வழியாகக் கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட்தான் கிடைக்கும். ஜி.டி. 1030 கார்டுக்கு 30 வாட் போதும். ஜி.டி.எக்ஸ். 1650 கார்டுக்கு 75 வாட். அதற்கு மேல் கேட்கும் கார்டுகளுக்கு எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனிக் கேபிள் வேண்டும். கேபினட்டுடன் சேர்ந்து வரும் மலிவு எஸ்.எம்.பி.எஸ்.ஸில் பெரிதாக அச்சிட்டிருக்கும் வாட் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம். அதன் லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, 12 ஆல் பெருக்கினால் கிடைப்பதே கார்டுக்கும் பிராசஸருக்கும் பயன்படும் வாட். யு.பி.எஸ். பேக்கப் நேரமும் குறையும் என்பதை மறக்க வேண்டாம்.

3. உயரம்: அலுவலகங்களில் பயன்படுத்திக் கழித்த ஒல்லியான கம்ப்யூட்டர்களை இப்போது பலர் வாங்குகிறார்கள். அவற்றில் முழு உயரக் கார்டு நுழையாது. "லோ புரொபைல்" கார்டு என்று கேட்டு வாங்க வேண்டும்.

4. மானிட்டர்: சித்தப்பா வீட்டு மானிட்டரில் நீல நிற வி.ஜி.ஏ. கேபிள் மட்டும்தான் உண்டு. இன்றைய கார்டுகளில் வி.ஜி.ஏ. வாய் இருப்பதில்லை. எச்.டி.எம்.ஐ.யை வி.ஜி.ஏ.வாக மாற்றும் கன்வெர்ட்டர் தனியாக வாங்க வேண்டும். கடையில் இதனை யாரும் தம்பியிடம் சொல்லவில்லை.

5. மெமரியின் வகை: "2 ஜிபி கார்டு" என்பது அளவை மட்டும் சொல்கிறது, வேகத்தைச் சொல்வதில்லை. ஜி.டி. 1030 என்ற ஒரே பெயரில் இரண்டு கார்டுகள் வந்துள்ளன. 2017-ல் வந்த ஜிடிடிஆர்5 வகையின் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி. 2018-ல் வந்த டிடிஆர்4 வகையில் 16.8 ஜிபிதான். இரண்டாவது ராம் போட்ட பின் தம்பியின் கம்ப்யூட்டரில் கிடைத்த 25.6 ஜிபியைவிட இது குறைவு! பெட்டியின் மேல் எந்த வகை என்று படித்துப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம்.

6. டிரைவர்: பழைய கார்டுகள் கடைகளில் இன்னும் கிடைக்கின்றன என்பதால் அவற்றுக்கு ஆதரவு தொடர்கிறது என்று பொருளல்ல. ஜி.டி. 710 கார்டுக்கான பாதுகாப்பு அப்டேட்களும் 2024-ல் முடிந்து விட்டன. ஜி.டி. 1030 அடங்கிய வரிசைக்கு, 2025 அக்டோபருடன் புதிய டிரைவர்களை நிறுத்தி, 2028 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட்கள் மட்டும் தருவதாக என்விடியா அறிவித்தது.

இவற்றுடன், கம்ப்யூட்டரின் வயதையும் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடியும் என்று மைக்ரோசாப்ட் முன்பே அறிவித்திருந்தது. அதன்படியே முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு வசதி தேவை. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். நான்காம் தலைமுறை ஐ3, மைக்ரோசாப்ட் ஏற்கும் பட்டியலில் இல்லை. எவ்வளவு விலை உயர்ந்த கிராபிக்ஸ் கார்டு போட்டாலும் இது மாறாது. தளர்ந்த வண்டிக்குப் புது டயர் மாட்டுவது போலத்தான்.

எனவே நான் பின்பற்றும் கணக்கு இதுதான். எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய கம்ப்யூட்டர், சோதனையில் ஜி.பி.யு. உச்சத்தில் நிற்கிறது, அந்த வேலையைத் தினமும் செய்கிறீர்கள். இந்த மூன்றும் பொருந்தினால் கார்டு வாங்குங்கள். அதற்கும் பழையது என்றால் எஸ்.எஸ்.டி., ராம் ஆகியவற்றோடு நிறுத்திவிட்டு, மீதிப் பணத்தை அடுத்த கம்ப்யூட்டருக்குச் சேர்த்து வையுங்கள். எஸ்.எஸ்.டி.யைக் கழற்றிப் புதிய கம்ப்யூட்டரிலும் பெரும்பாலும் மாட்டிக் கொள்ளலாம். எனவே அந்தச் செலவு வீணாகாது.

தம்பியிடம், "முப்பரிமாண மாடல் தினமும் வரையணுமா?" என்று கேட்டேன். "செமஸ்டருக்கு ரெண்டு மூணு தடவைதான் அண்ணே. காலேஜ் லேபிலயே பண்ணிக்கலாம்" என்றான். முடிவு அங்கேயே கிடைத்து விட்டது. கார்டு வாங்கவில்லை.

7,500 ரூபாயில் 2,400 போக 5,100 மிச்சம். சித்தப்பா அதில் 5,000 ரூபாயை அஞ்சலகச் சேமிப்புக் கணக்கில் போட்டார். தம்பியின் அடுத்த கம்ப்யூட்டருக்கு அது முதல் பணம். மீதி 100 ரூபாய்க்குச் சித்தி பெட்ரோல் போட்டு வரச் சொன்னார்.

கடைக்குக் கிளம்பும் முன் நீங்களும் ஒருமுறை டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். திணறும் நேரத்தில் அந்த நான்கு வரிகள் காட்டும் எண்களை ஒரு தாளில் எழுதி, கடைக்காரரிடம் காட்டுங்கள். எதை வாங்குவது என்பதை அந்த எண்கள் சொல்லட்டும்.