விழுங்குதல்: தொண்டை, மூச்சு, வயிறு மூன்றும் சேர்ந்து செய்யும் வேலை



வியாதியாய் இருக்கிறவர்களைப் பார்க்கப் போகும்போது நம்மில் யாரும் வெறுங்கையோடு போவதில்லை. இளநீர், ஆரஞ்சுப் பழம், பன், பிஸ்கட் என்று ஏதாவது கொண்டுபோகிறோம். "ஒரு வாய் சாப்பிடுங்க ஐயா, தெம்பு வரும்" என்று அன்பாய் ஊட்டியும் விடுகிறோம். ஆனால் விழுங்குவதில் கோளாறு உள்ள ஒருவருக்கு அந்த ஒரு வாயே நிமோனியாவில் கொண்டுபோய் விடக்கூடும். எனவே இந்த மாத மருத்துவப் பாடமாக விழுங்குதலை எடுத்துக்கொள்வோம். தொண்டைக்கு மட்டும் வைத்தியம் செய்தால் போதாது. அந்த வியாதியஸ்தரின் மூச்சையும் வயிற்றையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

1. ஒரே வாசல், இரண்டு பாதைகள்

தொண்டை வரைக்கும் காற்றும் ஆகாரமும் ஒரே வழியாய் வருகின்றன. அதற்குக் கீழே வழி இரண்டாகப் பிரிகிறது. முன்பக்கம் மூச்சுக்குழல், பின்பக்கம் உணவுக்குழல். உங்கள் கழுத்தின் முன்புறத்தில் விரலை வைத்து எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை எழும்பி இறங்குவது தெரியும். அந்தக் கணத்தில் குரல்நாண்கள் மூடிக்கொள்கின்றன. மூச்சு ஏறக்குறைய 1 விநாடி நின்றுவிடுகிறது.

பெரும்பாலும் நாம் மூச்சை வெளியே விட்டுக்கொண்டிருக்கும்போதுதான் விழுங்குகிறோம். விழுங்கி முடித்ததும் மீதி மூச்சையும் வெளியே விடுகிறோம். வாசலில் ஒரு பருக்கையோ ஒரு துளியோ தங்கியிருந்தால் அந்த வெளிமூச்சு அதைத் தள்ளிவிடுகிறது. நாம் அறியாமலே நடக்கும் பாதுகாப்பு இது.

பக்கவாதம், பார்க்கின்சன் நோய், தலைக்காயம், தொண்டைப் புற்றுநோய் போன்றவை இந்த ஒழுங்கைக் கெடுக்கின்றன. அப்போது ஆகாரம் மூச்சுக்குழலுக்குள் இறங்குகிறது. சுகமாயிருப்பவர் உடனே இருமி வெளியேற்றுவார். பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்குத் தொண்டையில் உணர்ச்சி குறைந்திருப்பதால் இருமலே வராது. ஆகவே "இருமவில்லை, நன்றாகத்தான் சாப்பிடுகிறார்" என்று நிச்சயமாய்ச் சொல்ல முடியாது. பேரியம் கலந்த ஆகாரத்தைக் கொடுத்து எக்ஸ்ரேயில் ஓடும் படமாகப் பார்ப்பது, மூக்கு வழியே மெல்லிய கேமராவை விட்டுப் பார்ப்பது ஆகிய இரண்டு சோதனைகளும் இப்படி மறைவாய் இறங்குவதைக் காட்டிக்கொடுக்கும்.

2. மூச்சு வாங்கும்போது

பல வருஷம் பீடி, சிகரெட் புகைத்தவர்களுக்கும், விறகடுப்புப் புகையில் சமைத்த தாய்மார்களுக்கும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருவதுண்டு. பெரியவர்கள் ஓய்வாக இருக்கும்போது நிமிடத்திற்கு 12 முதல் 20 முறை மூச்சு விடுவார்கள். நோய் கடுமையாகும்போது இது 30-ஐ எட்டலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மூச்சுக்குக் கிடைப்பது 2 விநாடி. அதில் 1 விநாடியை விழுங்குவதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும். காற்றுக்கு ஏங்கும் உடம்பு அதை எப்படி விட்டுக்கொடுக்கும்? விழுங்கின மாத்திரத்தில் மூச்சை உள்ளே இழுக்கிறது. தொண்டையில் மீந்திருப்பதும் காற்றோடு உள்ளே போகிறது.

மேலும் சாப்பிடுவதே ஒரு வேலை. நான்கு வாய்க்குள் களைத்துப்போகிறவர் மீதியை மெல்லாமல் விழுங்குவார். இருமலும் பலவீனமாக இருப்பதால் உள்ளே போனது வெளியே வராது. ஆகையால் இவர்களுக்கு 3 வேளைச் சாப்பாட்டை 5 அல்லது 6 சிறு வேளைகளாகப் பிரிக்கிறோம். நெபுலைசர் மருந்தைக் கொடுத்து, மூச்சு அடங்கிய பிறகே ஊட்டுகிறோம். ஒவ்வொரு வாய்க்கும் இடையே இரண்டு மூன்று மூச்சு விடச் சொல்கிறோம். ஸ்டீராய்டு கலந்த இன்ஹேலரை இழுத்தபின் வாய் கொப்பளிக்காவிட்டால் வாயிலும் தொண்டையிலும் வெள்ளைப் பூஞ்சை படிந்து, விழுங்குவதே வேதனையாகிவிடும். கொப்பளிக்கும் தண்ணீருக்குச் செலவில்லை. நினைப்பூட்ட ஒருவர் இருந்தால் போதும்.

3. வயிறு மேலே அனுப்பும்போது

உணவுக்குழலின் அடியில் ஒரு தசை வளையம் கதவுபோல் இருக்கிறது. அது தளர்ந்தால் வயிற்றின் அமிலமும் ஆகாரமும் மேலே வருகின்றன. நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், காலையில் கரகரத்த குரல் ஆகியவை இதன் அடையாளங்கள். படுத்திருக்கும்போது இது தொண்டை வரை ஏறி மூச்சுக்குழலில் இறங்கலாம். 1946-ல் கர்டிஸ் மெண்டல்சன் என்ற நியூயார்க் மருத்துவர், பிரசவ நேரத்தில் மயக்க மருந்து பெற்ற தாய்மாரின் நுரையீரலை வயிற்று அமிலம் எப்படிக் கெடுத்தது என்று விவரித்தார். அறுவை சிகிச்சைக்கு முன் பட்டினியாக இருக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

அமிலம் நெடுங்காலம் பட்டால் உணவுக்குழல் புண்ணாகிச் சுருங்கும். அப்போது வியாதியஸ்தர் தொண்டையைத் தொட்டு "இங்கே அடைக்கிறது" என்பார். அடைப்போ நெஞ்சுக்குக் கீழே இருக்கும். முதலில் இட்லி, சாதம் அடைத்து, பிறகு கஞ்சியும் அடைக்கத் தொடங்கினால் காலந்தாழ்த்தாமல் எண்டோஸ்கோப்பி செய்ய வேண்டும். அது புற்றுநோயாகவும் இருக்கலாம். தொண்டைப் பயிற்சி கொடுத்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது.

நெடுநாள் சர்க்கரை நோயால் வயிறு மெதுவாகக் காலியாவதும், மலச்சிக்கலால் வயிறு உப்பி மூச்சை நெருக்குவதும் உண்டு. புரையேறும் என்ற பயத்தில் தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல் இன்னும் அதிகமாகும்.

4. குழாய் வைத்தால் ஆபத்து நீங்குமா?

"மூக்கில் குழாய் போட்டுவிடுங்கள், பயமில்லை" என்று பல குடும்பத்தார் கேட்கிறார்கள். விழுங்கவே முடியாதவருக்குக் குழாய் அவசியமே. ஆனால் எச்சிலும், வயிற்றிலிருந்து மேலே வருவதும் மூச்சுக்குழலில் இறங்குவதைக் குழாய் தடுக்காது. வயிற்றில் துளையிட்டு வைக்கும் குழாயும் தடுக்காது. குழாய் வழியே கொடுக்கும்போதும் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்தி, மெதுவாக இறங்கவிட வேண்டும். வாயால் சாப்பிடாதவருக்கும் வாயைச் சுத்தம் செய்ய வேண்டும். அழுக்கான வாயின் கிருமிகளே எச்சிலோடு நுரையீரலுக்குப் போகின்றன. 1999-ல் ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் நடந்த ஆய்வு வெளியானது. பல்லையும் வாயையும் ஒழுங்காய்ச் சுத்தம் செய்யப்பெற்ற முதியோரில் 11 சதவிகிதத்தினருக்கு நிமோனியா வந்தது. அந்தக் கவனிப்பு பெறாதவர்களில் 19 சதவிகிதத்தினருக்கு வந்தது.

5. மூன்றும் ஒருவரிடம் சேரும்போது

ஓர் உதாரணம். 65 வயதான ஒருவர். பீடியால் கெட்ட நுரையீரல், நெஞ்செரிச்சல், இப்போது பக்கவாதம். தண்ணீர் வேகமாய் ஓடிப் புரையேறுவதால் கேழ்வரகுக் கூழ்போலக் கெட்டியாய்க் கொடுக்கத் தீர்மானிக்கிறோம். அது தொண்டைக்கு நல்லது. ஆனால் கெட்டியானதை விழுங்க அதிக முயற்சி வேண்டும், அவருக்கோ மூச்சில்லை. முழுக் கிண்ணத்தையும் கொடுத்தால் வயிறு நிரம்பி மேலே வரும். களைத்துப்போய் உடனே படுத்தால் ஆபத்து இரட்டிப்பாகும். மூச்சுக்காகக் கொடுக்கும் தியோஃபிலின் மாத்திரையே உணவுக்குழலின் அடிக்கதவைத் தளர்த்தக்கூடியது. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை எரிச்சலைக் குறைக்குமே தவிர, மேலே வருவதை நிறுத்தாது.

ஆகவே ஒழுங்காகச் செல்கிறோம். முதலில் மூச்சை நிதானப்படுத்துகிறோம். பிறகு நேராக உட்கார வைத்து, குறைந்த அளவை அடிக்கடி கொடுக்கிறோம். மருந்துகளை மருத்துவர் மறுபடியும் பார்க்கிறார். மலம் கழிகிறதா, போதிய நீர் சேருகிறதா என்று நர்ஸ் குறித்துவைக்கிறார். பேச்சுப் பயிற்சியாளர் தொண்டைப் பயிற்சியைத் தொடங்குவது அதற்குப் பின்புதான்.

6. பார்க்கப் போகும் நாம் கவனிக்க வேண்டியவை

- நர்ஸிடம் கேளாமல் எதையும் வாயில் கொடுக்காதிருங்கள். தண்ணீரும் இதில் சேரும்.
- ரசம் சாதம், டீயில் நனைத்த பன் ஆகியவற்றை இலகுவான ஆகாரம் என்று எண்ணாதிருங்கள். நீரும் பருக்கையும் கலந்தது விழுங்கக் கடினம்.
- தூக்கக் கலக்கத்தில் இருப்பவருக்கும், மேல்மூச்சு வாங்குபவருக்கும் ஊட்டாதிருங்கள்.
- நேராக உட்கார வைத்துச் சிறு கரண்டியால் கொடுங்கள். குரல்வளை எழும்பி இறங்கிய பிறகே அடுத்த வாய். வாயில் ஆகாரம் இருக்கும்போது பேச்சுக் கொடுக்க வேண்டாம்.
- குரல் நீர் கோத்ததுபோல் கேட்டால் நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள்.
- சாப்பிட்ட பின் குறைந்தது 30 நிமிடமாவது உட்கார்ந்திருக்கட்டும், வாயைக் கழுவிவிடுங்கள்.

ஊட்ட முடியாமற்போனால் வருந்த வேண்டாம். அரைமணி நேரம் அவரைச் சாய்த்து உட்காரவைத்து, கூட இருந்து பேசிக்கொண்டிருப்பதும் வைத்தியத்தில் ஒரு பங்குதான்.

கூடிப் பேசுவதற்கு:
1. விழுங்கும்போது மூச்சு ஏன் நிற்கிறது? அதன்பின் மூச்சை வெளியே விடுவதால் என்ன நன்மை?
2. குழாய் வழியே ஆகாரம் பெறுபவருக்கும் வாயைச் சுத்தம் செய்ய வேண்டியது ஏன்?
3. உங்கள் சபையில் படுக்கையில் இருக்கும் முதியோரைச் சந்திக்கும் குழுவினருக்கு இப்பாடத்தை யார் கற்றுக்கொடுப்பார்?